பழைய செய்நிரலும் புதிய பணிசெயல் முறைமையும்: ஐசிஸ் நூலகச் செய்நிரலை முன்வைத்துச் சில குறிப்புகள்

கணினி பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை புதியனவற்றின் வருகையை அறிவிப்பனவாகவே அமைந்துள்ளன. வந்தவை எவற்றை வெளியேற்றின என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் நூலகங்களையும் சுவடிக்கூடங்களையும் சார்ந்தோர் எதிர்கொள்ளும் பிரச்சினை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததாகும். பல ஆண்டுகளாகத் தரவுகளைத் திரட்டிவைத்த செய்நிரலொன்று, கணினி மாற்றப்பட்ட மறுநாள், இக்கணினியில் இயங்கமாட்டாது என்ற ஒற்றை வரி அறிவித்தலுடன் நின்றுவிடுகின்றது. செய்நிரலில் ஓர் எழுத்தேனும் மாறவில்லை, தரவும் அழியவில்லை. இயந்திரப் பாகம் தேய்வதுபோல எதுவும் தேயவுமில்லை. எனினும் நேற்றுவரை இயங்கியது இன்று இயங்கவில்லை. இது ஏன் நிகழ்கின்றது, இதனை எவ்வாறு வெல்லலாம், பழைய செய்நிரல் இயங்குவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்போர் யாவர் என்னும் வினாக்களை, யுனெஸ்கோ உலகெங்கும் வழங்கிய ஐசிஸ் என்னும் நூலகச் செய்நிரலை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொழில் தாபனம் தனது ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதற்கென ஆக்கிய தகவல் முறைமைத் தொகுதியே ஐசிஸின் மூலமாகும். 1970களின் நடுப்பகுதியில் யுனெஸ்கோவில் ஜியாம்பாவோலோ டெல் பிஜியோ என்பாரின் பொறுப்பில் அதனடியாக ஐ.பி.எம். பெருங்கணினிக்குரிய செய்நிரலொன்று வடிவமைக்கப்பட்டது. 1985இல் சிறு கணினிகளுக்கான வடிவம் பாஸ்கல் மொழியில் எழுதப்பட்டு, எம்.எஸ். டொஸ் முறைமையில் இயங்குவதாக வெளிவந்தது. வின்ஐசிஸ் எனப்படும் விண்டோஸ் வடிவம் 1995இல் முதன்முதலாகக் காட்டப்பட்டது. இலாப நோக்கற்ற பயன்பாட்டுக்கு இது விலையின்றி வழங்கப்பட்டது. விலை கொடுத்து நூலகச் செய்நிரல் வாங்க வழியற்றிருந்த மூன்றாம் உலக நாடுகளின் நூலகங்கள் இதனைப் பெரிதும் ஏற்றுக்கொண்டமைக்கு அதுவே முதற் காரணம். வழங்கப்பட்ட உரிமங்கள் 20,000த்துக்கும் மேற்பட்டன. இலங்கையிலும் பல்கலைக்கழக, ஆராய்ச்சி நூலகங்கள் பல தமது பட்டியல்களைக் கணினிக்குக் கொண்டுவந்தது இதன் துணையுடனேயே ஆகும்.

விலையின்மை மாத்திரமன்றி, நூல் விவரத்தின் இயல்பை உணர்ந்து அமைக்கப்பட்டிருந்தமையும் இதன் சிறப்பு. ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். இன்னொன்றுக்கு ஐவர் இருப்பர். சிலவற்றுக்கு ஆசிரியர் பெயரே இராது. கட்டமிட்ட படிவத்தில் இவற்றை அடைப்பது கடினம். ஐசிஸ், ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அது எத்தனை முறையும் எவ்வளவு நீளத்திலும் வரலாம் என அனுமதித்தது. எந்த விவரத்தை எவ்வாறு திரையிற் காட்டுவது, எவற்றைத் தேடலுக்கு உட்படுத்துவது என்பவற்றையெல்லாம் நூலகரே சிறு கட்டளைகளாக எழுதிக்கொள்ளலாம். இதனால், ஒரு நூலகத்தின் ஐசிஸ் தரவுத்தளம் என்பது வெறும் பதிவுகளின் குவியலன்று. அந்நூலகத்தாரின் சிந்தனையும் உழைப்பும் அக்கட்டளைகளிற் படிந்துள்ளன. பின்னர் கூறப்போவதற்கு இது முக்கியமானது.

இனி, செய்நிரல் ஏன் நின்றுபோகின்றது என்பதை நோக்குவோம். எந்தச் செய்நிரலும் தனித்து இயங்குவதில்லை. கணக்கிடுவதற்கு அது முறைவழியாக்கியின் அறிவுறுத்தல்களை நம்பியுள்ளது. கோப்பைத் திறப்பதற்கும் திரையில் எழுதுவதற்கும் அச்சிடுவதற்கும் பணிசெயல் முறைமையிடம் விண்ணப்பிக்கின்றது. கச்சேரியில் விண்ணப்பம் கொடுப்பதோடு இதனை ஒப்பிடலாம். விண்ணப்பத்துக்கு ஒரு படிவமும் அதனைப் பெற்றுக்கொள்ள ஓர் எழுதுவினைஞரும் உள்ளனர். படிவம் மாற்றப்பட்டு, பழைய படிவத்தை அறிந்த எழுதுவினைஞரும் நீக்கப்பட்டால், விண்ணப்பம் எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டிருந்தாலும் ஏற்கப்படமாட்டாது.

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவதொன்றும் உண்டு. எங்கும் எழுதப்படாத, செய்நிரலை எழுதியவர் தம்மையறியாமலே கொண்ட எடுகோள்கள் அவை. டேர்போ பாஸ்கலில் எழுதப்பட்ட டொஸ் செய்நிரல்கள் பல 1990களின் பிற்பகுதியில் திடீரெனச் செயலிழந்தமை இதற்கு நல்ல உதாரணம். அச்செய்நிரல்கள் தொடங்கியவுடன், கணினிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பினுள், அதாவது ஏறத்தாழ 55 மில்லிசெக்கனில், ஒரு சுற்றை எத்தனை முறை சுற்ற முடிகின்றது என எண்ணி, அதனை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈவு 16 பிற் இடத்தினுள், அதாவது 65,535இனுள், அடங்கும் என்பதே எடுகோள். முறைவழியாக்கியின் வேகம் ஏறத்தாழ 200 மெகாஹேட்ஸைத் தாண்டியதும் ஈவு அவ்வெல்லையை மீறியது. பூச்சியத்தால் வகுத்ததாகக் குற்றஞ்சாட்டி, 200ஆம் இலக்கப் பிழையுடன் செய்நிரல் தொடக்கத்திலேயே நின்றது. எங்கும் பூச்சியம் இருக்கவில்லை. ஈவு இடங்கொள்ளாதபோதும் முறைவழியாக்கி எழுப்புவது அதே பிழைச் சமிக்ஞையையே ஆதலின் இவ்விநோத அறிவித்தல் கிடைத்தது. கணினி அளவுக்கு மீறி வேகமானது என்பதே உண்மைக் குற்றம்.

இத்தகைய எடுகோள்களைப் பணிசெயல் முறைமையை ஆக்குவோர் அறியாதவரல்லர். அவற்றைத் தாங்கிப்பிடிக்க அவர்கள் எவ்வளவு தூரம் சென்றனர் என்பது வியப்புக்குரியது. சிம்சிற்றி என்னும் விளையாட்டின் விண்டோஸ் வடிவத்தில் ஒரு தவறு இருந்தது. பயன்படுத்தி முடித்து முறைமையிடம் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகப் பகுதியை அது உடனேயே மீண்டும் வாசித்தது. விண்டோஸ் 3.1இல் இதனாற் கேடு விளையவில்லை. விண்டோஸ் 95இல் விளைந்தது. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தார், சிம்சிற்றி இயங்குகின்றதா எனப் பார்த்து, இயங்கினால் நினைவகத்தை உடனே மீளப்பெறாது விடும் தனி ஏற்பாட்டை விண்டோஸ் 95இலேயே சேர்த்தனர் என ஜோயெல் ஸ்பொல்ஸ்கி 2004இல் எழுதியுள்ளார். விண்டோஸ் 95, பழைய 16 பிற் செய்நிரல்கள் தன் பதிப்பெண்ணைக் கேட்டபோது 4.0 என்று கூறாமல் 3.95 என்று கூறியதும் இதே வகையினதே. 3.10 அல்லது அதற்கு மேல் என்பதைச் சோதிக்கையில், புள்ளிக்குப் பின்னுள்ள எண் பத்துக்குக் குறையக்கூடாது எனத் தவறாகச் சோதித்த செய்நிரல்கள் 4.0ஐப் பழைய பதிப்பெனக் கொண்டு இயங்க மறுத்தமையால் இப்பொய் தேவைப்பட்டது.

இது தாராள மனப்பான்மையின் விளைவன்று. 1964 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனம் தனது 360 தொடரை அறிவித்தபோதே இதன் பொருளாதாரம் தெளிவாகிவிட்டது. அதன் 1401 கணினிக்கென வாடிக்கையாளர் எழுதிவைத்த செய்நிரல்கள் பெருந்தொகையின. புதிய தொடரில் அவை இயங்காவிடின், எப்படியும் மீள எழுத வேண்டியவர்கள் வேறு நிறுவனத்தின் கணினியை வாங்குவதற்குத் தடையேதுமில்லை. 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம் அறிவித்த 200 என்னும் கணினி, 1401இன் செய்நிரல்களை மாற்றியெடுக்கும் வசதியுடன், அவ்வாடிக்கையாளரையே குறிவைத்து வந்தது. எனவே 360 தொடரின் சிறிய கணினிகளில் 1401ஐப் போல நடந்துகொள்ளும் ஏற்பாடு புகுத்தப்பட்டது. அக்காலச் செய்நிரல்கள் இன்றும் அத்தொடரின் வழிவந்த பெருங்கணினிகளில் இயங்கக்கூடியனவாயிருப்பது, வங்கிகளும் அரசாங்கங்களும் அவற்றுக்காகக் கொடுக்கும் பணத்தின் பயனாகும். பழையதைத் தாங்குவதும் ஒரு பண்டமே. வாங்குவோர் உள்ளவரை அது விற்கப்படும்.

ஐசிஸின் நிலையை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது, அதன் இரு வடிவங்களும் ஒரே காரணத்தால் நின்றுபோகவில்லை என்பது புலனாகும். டொஸ் வடிவம், 1978இல் வந்த இன்ரெல் 8086 முறைவழியாக்கியின் இயல்பைச் சார்ந்தது. 1985இன் 80386 முறைவழியாக்கியில், புதிய முறைமை ஒன்றினுள்ளேயே பழைய 8086ஐப் போல ஒரு பகுதியை நடத்தும் தனி வசதி அமைக்கப்பட்டது. 32 பிற் விண்டோஸ் முறைமைகள் டொஸ் செய்நிரல்களை இயக்கியது அதனாலேயே. 2003இல் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட 64 பிற் அமைப்பிலோ, முறைவழியாக்கி 64 பிற் நிலையில் இயங்கும்போது அவ்வசதி கிட்டாது. இங்கு வாயில் வன்பொருளிலேயே அடைக்கப்பட்டுவிட்டது.

வின்ஐசிஸின் கதை வேறு. அதுவும் 16 பிற் செய்நிரலே. ஆயினும் விண்டோஸ் 3.1க்குரிய 16 பிற் செய்நிரல்கள் பயன்படுத்தும் நிலையை 64 பிற் முறைவழியாக்கிகள் இன்னமும் ஏற்கின்றன. அவற்றைக் கைவிட்டது பணிசெயல் முறைமையே. மைக்ரோசொவ்ற் கூறும் முதன்மைக் காரணம் இது: விண்டோஸில் ஒவ்வொரு சாளரத்துக்கும் படத்துக்கும் அடையாள எண்ணொன்று வழங்கப்படுகின்றது. 64 பிற் விண்டோஸில் அவ்வெண்ணின் 32 பிற்றுகளும் பொருளுடையன. 16 பிற் மட்டுமே கொள்ளக்கூடிய பழைய செய்நிரலிடம் அதனை வெட்டிக் கொடுத்தால் பாதி இழக்கப்படும். காரணம் உண்மையானதே. ஆனால் அது கடக்கமுடியாத தடையா? இரு எண்களையும் இணைக்கும் பட்டியலொன்றை இடையில் வைத்தால் தீரக்கூடிய பிரச்சினை அது. 1993இல் தொடங்கப்பட்ட, விண்டோஸ் செய்நிரல்களை லினக்ஸ் முதலான முறைமைகளில் இயக்கும் வைன் என்னும் கட்டற்ற செய்நிரல், 64 பிற் லினக்ஸிலும் 16 பிற் விண்டோஸ் செய்நிரல்களை இயக்குகின்றது. வைனின் பகுதிகளை எடுத்து 64 பிற் விண்டோஸிலேயே அவற்றை இயக்கும் வைன்விடிஎம் என்னும் செய்நிரலை ஆர்வலர் ஆக்கியுள்ளனர். ஆகவே கைவிடப்பட்டமை தொழினுட்ப நியதியன்று. செலவையும் வரவையும் நிறுத்துப் பார்த்து எடுக்கப்பட்ட தீர்மானம் அது. அத்தராசில் சிறு நூலகங்களின் பாரம் மிகச் சிறிது.

லினக்ஸின் மத்தியில் 2014இல் நிகழ்ந்ததொன்றை இத்துடன் ஒப்புநோக்கலாம். 16 பிற் பகுதிகளிலிருந்து மீளும்போது முறைமையின் உள்விவரம் சிறிது கசியும் குறைபாடு அறியப்பட்டு, 64 பிற் லினக்ஸில் அப்பகுதிகள் அடியோடு தடைசெய்யப்பட்டன. பழைய செய்நிரல்களை வைன் மூலம் பயன்படுத்தியோர் முறையிட்டனர். கசிவை அடைக்கும் சுற்றுவழியொன்று எழுதப்பட்டு, தடை அதே ஆண்டில் நீக்கப்பட்டது. முறையிடுவதற்கு ஓர் இடமும், மூலநிரலைத் திறந்து பார்த்துத் திருத்த உரிமையும் இருந்தமையே வேறுபாடு. வின்ஐசிஸுக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. அது விலையின்றிக் கிடைத்ததேயன்றி மூலநிரலுடன் கிடைக்கவில்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்பதை மூன்றாம் உலக நூலகங்கள் காலந்தாழ்த்தியே உணர நேர்ந்தது. 2005 முதல் உருவாகிய ஜே-ஐசிஸ் இக்குறையை நீக்க எழுந்ததெனினும், பழைய தளங்கள் பல அதற்கு மாறவில்லை.

பழையதைக் கைவிடுவதிலும் நியாயம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு பழைய வாயிலும் தீயோர் புகக்கூடிய வாயிலே. அதனைக் காப்பதும் சோதிப்பதும் முடிவற்ற உழைப்பு. அப்பிள் நிறுவனம் 1994, 2006, 2020 ஆகிய ஆண்டுகளில் முறைவழியாக்கியை முற்றாக மாற்றியபோதெல்லாம் மொழிபெயர்ப்பு ஏற்பாடொன்றைச் சிலகாலம் வழங்கியது. அவற்றுள் 2006இல் வந்ததை 2011இல் நீக்கியும்விட்டது. பயனர் நகர்வதற்கு அவகாசம் தருவதே அவ்வேற்பாட்டின் பயன். அவகாசத்தைப் பயன்படுத்த ஆளும் பணமும் உள்ளோருக்கே அது அவகாசமாகும்.

இன்று ஐசிஸ் தரவுத்தளமொன்றைத் திறக்க விரும்புவோர் முன் மூன்று வழிகள் உள. யாவும் செய்நிரலை ஏமாற்றும் வழிகளே. ஏமாற்று எந்த அடுக்கில் நிகழ்கின்றது என்பதே வேறுபாடு. முதலாவது எமியூலேற்றர். இது பழைய முறைவழியாக்கியின் ஒவ்வோர் அறிவுறுத்தலையும் வாசித்து, அதற்குரிய செயலைத் தானே நடித்துக்காட்டும். எந்தக் கணிப்பொறியையும் இன்னொரு பொதுப்பொறி போலச் செய்யவல்லது என அலன் ரூரிங் 1936இல் நிறுவியதே இதன் அடிப்படை. 2002இல் வெளிவந்த டொஸ்பொக்ஸ் இவ்வகையினது. டொஸ் வடிவ ஐசிஸுக்கு இதுவே இயல்பான இருப்பிடம். வேகத்தையும் குறைத்து வைக்கலாமாதலின் மேலே கூறிய 200ஆம் இலக்கப் பிழையும் எழாது. இரண்டாவது மெய்நிகர் பொறி. இங்கு முறைவழியாக்கி உண்மையானதே. அதன்மேல் பழைய 32 பிற் விண்டோஸ் முழுவதும் ஒரு கணினியினுள் இன்னொரு கணினியாக நிறுவப்படுகின்றது. விண்டோஸ் எக்ஸ்.பி.யை இவ்வாறு நிறுவினால் வின்ஐசிஸ் மாற்றமின்றி இயங்கும். ஆனால் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டமையால் அதனை இணையத்துடன் தொடுப்பது அறிவுடைமையன்று. மூன்றாவது, வைன் போன்று, பழைய விண்ணப்பங்களைப் பெற்று அவற்றுக்குரிய பதிலைப் புதிய முறைமையிலிருந்து வாங்கித் தருவது. இதில் பழைய விண்டோஸே தேவையில்லை. ஆயினும் எல்லாச் செய்நிரலும் குறைவற இயங்குமென உறுதி கூறவியலாது. அச்சிடும்போதே பெரும்பாலும் இடறல் நேரும்.

இரண்டாவது வழியிற் சட்டச் சிக்கலொன்றும் உண்டு. பழைய விண்டோஸ் விற்கப்படுவதில்லை; எனினும் அதன் பதிப்புரிமை நீடிக்கின்றது. விற்க மறுப்பவரே பிரதி செய்வதையும் மறுக்க உரித்துடையவராயிருக்கின்றார். ஐக்கிய அமெரிக்காவில், வழக்கொழிந்த வடிவங்களிலுள்ள செய்நிரல்களின் பிரதிப் பூட்டைத் திறப்பதற்கு 2003இலும், நூலகங்களும் சுவடிக்கூடங்களும் செய்நிரல்களைப் பேணுவதற்கென 2018இலும் விதிவிலக்குகள் வழங்கப்பட்டன. செய்நிரலைப் பேணுதல் நூலகப் பணியே என்ற கருத்து சட்டத்தில் இடம்பெற இவ்வளவு காலமாயிற்று.

செய்நிரலை ஏன் இயக்கிக்கொண்டிருக்க வேண்டும், தரவை வெளியே எடுத்துப் புதியதொன்றில் இட்டால் ஆயிற்றே என்பாருளர். ஐசிஸ் தன் பதிவுகளை ஐ.எஸ்.ஓ. 2709 என்னும் சர்வதேசப் பரிமாற்ற வடிவில் வெளியிடவல்லது என்பதும் உண்மை. ஜெஃப் ரொதன்பேர்க் 1995இல் எழுதிய கட்டுரையிலும் 1999இல் வெளியிட்ட அறிக்கையிலும் இவ்வாறு வடிவம் மாற்றிக்கொண்டே போதலின் அபாயத்தை விளக்கி, மூலச் செய்நிரலையே எமியூலேற்றரில் இயக்குதலை வற்புறுத்தினார். அவரது வாதம் சற்று மிகையென எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் தமிழ்ப் பதிவுகளைப் பொறுத்தமட்டில் அவர் கூற்றே வலுப்பெறுகின்றது.

ஐசிஸ் 8 பிற் குறிகளை மட்டுமே அறிந்தது. அதிற் தமிழுக்கு இடமில்லை. தமிழ் யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே, 1991இல், இடம்பெற்றதெனினும் இச்செய்நிரல்கள் அதனை அறியா. எனவே தமிழ்த் தலைப்புகளை உரோம எழுத்திற் பெயர்த்து எழுதுவது ஒரு வழியாயிருந்தது. பாமினி போன்ற எழுத்துருவைக் கொண்டு ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் வேடமிடுவது மற்றைய வழி. பாமினியில் தமிழ் என்னும் சொல், கணினியின் பார்வையில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகும். ஐசிஸோ தேடலுக்கான அட்டவணையை ஆக்கும்போது, தன் வழக்கமான ஏற்பாட்டின்படி, சிற்றெழுத்துகளைப் பேரெழுத்துகளாக மாற்றிவிடும். பாமினியில் சிறிய ஜே தகரம், பெரிய ஜே துகரம். சிறிய கே மகரம், பெரிய கே முகரம். ஆகவே தகரமும் துகரமும் அட்டவணையில் ஒன்றாகிவிடும். சொற்சொல்லாகப் பிரிக்கும்போது அரைப்புள்ளி எழுத்தன்று எனக் கொள்ளப்பட்டு, புள்ளி வருமிடமெல்லாம் சொல் முறியும். ஐசிஸில் எவை எழுத்துகள், எவை எவற்றின் பேரெழுத்துகள் என்பதைக் கூறும் இரு சிறு அட்டவணைக் கோப்புகள் உள. பாமினியிற் பதிவிட்டுத் தேடவும் விரும்பிய நூலகர் அவற்றையே திருத்தியாக வேண்டும்.

பரிமாற்ற வடிவில் வெளிவரும் கோப்பில் இவை எதுவும் இராது. எந்த விவரம் பாமினியில் உள்ளது, எது உண்மையான ஆங்கிலம் என்பதைக்கூட அது சொல்லாது. காட்சிக் கட்டளையைப் பார்த்தே அறியவேண்டும். கண்மூடித்தனமாக யுனிகோட்டுக்கு மாற்றினால் ஆங்கிலத் தலைப்புகள் பொருளற்ற தமிழாகிவிடும். ஆகவே வடிவ மாற்றத்தைச் செய்வோர் பழைய செய்நிரலை அருகில் இயக்கிவைத்து, பதிவுக்குப் பதிவு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியவராவர். தரவை விடுவிப்பதா, செய்நிரலைப் பேணுவதா என்பது இங்கு இருவேறு தெரிவுகளாக இல்லை.

2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு 32 பிற் வடிவம் கிடையாது. வின்ஐசிஸ் நேரடியாக இயங்கக்கூடிய கடைசி விண்டோஸ், 32 பிற் விண்டோஸ் 10 ஆகும். அதன் பொது ஆதரவும் 2025 ஒக்ரோபர் 14உடன் முடிவுற்றது. அத்தகைய கணினியொன்று நூலகத்தின் மூலையிற் கிடக்குமாயின், அகற்றுமுன் அதன் வன்தட்டு முழுவதையும் பிரதி செய்துகொள்ளல் வேண்டும். எம்.எஸ்.ரி., எக்ஸ்.ஆர்.எவ். என முடியும் பதிவுக் கோப்புகளை எவரும் தவறவிடுவதில்லை. விவர வரையறையைக் கூறும் எவ்.டி.ரி., தேடலை வரையறுக்கும் எவ்.எஸ்.ரி., காட்சிக் கட்டளைகளைக் கொண்ட பி.எவ்.ரி. ஆகியன சிலவேளை விடுபடும். மேற்கூறிய இரு அட்டவணைகளோ தரவுத்தளத்தின் அடைவிலன்றிச் செய்நிரலின் அடைவிலேயே இருப்பன. தரவை மட்டும் பிரதி செய்வோர் கண்ணில் அவை படமாட்டா.